கடைசி அறிவிப்பு யாருடைய பாடு

மால்மோவில் என் வீட்டுக்குக் கீழே ஒரு ரொட்டிக்கடை இருக்கிறது. உள்ளே நுழைந்ததும் வாசலோரச் சிவப்புப் பெட்டியிலிருந்து ஓர் எண் சீட்டைக் கிழித்துக்கொள்ள வேண்டும். நும்மர்லாப் என்று பெயர். கூட்டம் இருந்தால் சரி, நியாயம். ஒருநாள் காலையில் நானும் கடைக்காரம்மாவும் மட்டும்தான் இருந்தோம். நேராகப் போய் ரொட்டி கேட்டேன். அவர் சிரித்த முகத்தோடு பெட்டியைக் காட்டினார். திரும்பிப் போய்ச் சீட்டைக் கிழித்துக்கொண்டு வந்து நின்றேன். அவர் பொத்தானை அழுத்த, மேலே பலகையில் என் எண் எரிந்தது. அதன் பிறகுதான் என்னை அப்போதுதான் பார்ப்பவர்போல ‘ஹேய்’ என்றார். சுவீடனில் முறை என்பது ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் முறைதான்.

வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்கள் இதையெல்லாம் சொல்லிச் சொல்லி வியப்பார்கள். எனக்கு அவ்வளவாக வியப்பு வரவில்லை, ஏனென்றால் நான் கோட்டைக்குப்பத்துக்காரன். பழவேற்காடு ஏரியில் எந்த இடத்தில் எந்த நாளில் யார் வலை போடலாம் என்பதைச் சீட்டுப் போட்டு முறை வைத்திருக்கிறோம். அதற்குப் பாடு என்று பெயர். இன்றைக்கு உன் பாடு என்றால் அந்த இடத்துத் தண்ணீர் உன்னுடையது. பக்கத்து இடத்தில் ஒன்றும் கிடைக்காமல் நிற்பவன்கூட உன் இடத்தில் வலையை நனைக்க மாட்டான். எங்கள் நைனா, அதாவது அப்பா, காய்ச்சலோடு போய் வலை போட்டுவிட்டு வந்ததைப் பார்த்திருக்கிறேன். கிடைத்த பாடு வேண்டாம் என்று எவனும் சொல்ல மாட்டான்.

கஜா என் மாமன் மகன். நைனா பர்மா பஜாரில் வாங்கிவந்த பழைய கன்சோல் ஒன்றுதான் எங்கள் இரண்டு வீட்டுக்கும் பொது. விளையாடும் கைப்பிடியும் ஒன்றே ஒன்று. புது மெஷின், புது ஆட்டமெல்லாம் வாங்குகிற பேச்சே கிடையாது. அதனால் வேறொரு விளையாட்டைக் கண்டுபிடித்தோம். பெரிய கன்சோல் கம்பெனிகள் அவ்வப்போது நடத்தும் ஷோகேஸ் நிகழ்ச்சியில் என்னென்ன அறிவிப்பார்கள் என்று முன்கூட்டியே சொல்வது. வாங்க முடியாதவனுக்கு ஊகிக்கவாவது முடியும் இல்லையா. ஆனால் இருவரும் ஒரே நேரத்தில் ஒன்றையே சொல்லிச் சண்டை வந்ததால் கஜாதான் பாடு வைத்தான். புது மெஷின், அதன் விலை, பழைய ஆட்டங்களின் மறுவரவு, சின்னக் கம்பெனிகளின் சரக்கு, கடைசி அறிவிப்பு என்று துண்டுச் சீட்டுகள். எது யாருக்கு விழுகிறதோ அதைப் பற்றி அவன் மட்டும்தான் சொல்லலாம். மற்றவன் வாயைத் திறக்கக் கூடாது.

கடைசி அறிவிப்புதான் எல்லாவற்றிலும் கொழுத்த பாடு. நிகழ்ச்சி முடிந்துவிட்டது என்று நினைக்கும்போது திரை இருண்டு, ஓர் இசை எழுந்து, யாரும் எதிர்பார்க்காத ஒரு பெயர் வரும். அதைச் சரியாகச் சொன்னவன் அடுத்த நிகழ்ச்சிவரை ராஜா. கஜா இதில் கெட்டிக்காரன். ஆட்டங்களுக்கு வயது வரம்புச் சான்று தரும் அலுவலகத்தின் தளத்தில் புதிதாக ஏதாவது பெயர் ஏறியிருக்கிறதா, ஏதாவதொரு இசையமைப்பாளர் ஒலிப்பதிவுக் கூடத்தில் நின்று போட்டோ போட்டிருக்கிறாரா, வெளிநாட்டுக் கடை ஒன்று தெரியாத்தனமாக ஒரு விலைப்பட்டியலை வெளியே விட்டுவிட்டதா என்று தேடித் தேடிப் படிப்பான். பழவேற்காட்டுக் கடைத்தெருவில் போன் ரிப்பேர் கடை வைத்தபிறகு இதற்காக ஒரு சேனலும் தொடங்கினான். எங்கள் பேச்சிலேயே பேசுவான். அதற்காகவே பார்க்கிறவர்கள் உண்டு.

நான் படித்து, சென்னையில் வேலை பார்த்து, ஆட்டங்களில் பிழை கண்டுபிடிக்கும் வேலைக்காக மால்மோவுக்கு வந்தேன். வெளியே வராத ஒரு பெரிய ஆட்டத்தில் மூன்று வருடம் சுவர்களில் முட்டிக்கொண்டு திரிந்திருக்கிறேன். எதுவும் வெளியே சொல்லக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள். சொன்னால் வேலை போகும். வேலை போனால் சில மாதங்களுக்குள் வேறொன்று கிடைக்க வேண்டும், இல்லாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். இங்கே என்னைப்போல வந்திருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நம் குடியிருப்பு அனுமதி நம் வாயில் இருக்கிறது. இவ்வளவு நாளும் கஜா என் வேலையைப் பற்றிக் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. ஷோகேஸ் வரும்போதெல்லாம் வீடியோ காலில் சீட்டுக் குலுக்குவது மட்டும் நிற்கவில்லை.

இந்த முறை கடைசி அறிவிப்பு எனக்கு விழுந்தது. கஜா சீட்டைப் பிரித்துக் கேமராவுக்கு நேரே காட்டினான். எங்கள் கம்பெனியின் ஆட்டம்தான் கடைசியாக வரும் என்று அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். நான் அதைச் சொல்ல முடியாது. வேறு பெயரைச் சொன்னால் என் பாட்டில் நானே பொய் சொன்னதாகும், அதற்கும் மனம் வரவில்லை. எனவே, “இத நீயே வெச்சிக்கடா. எனுக்கு வேணாம்” என்றேன்.

கஜா சீட்டைத் தன் பக்கம் திருப்பி மறுபடி பார்த்தான். பிறகு, “சரி மச்சான்” என்றான். அவன் மகள் பள்ளிக்கூட விழாவில் ஆடியதைக் காட்டினான், அப்படியே பேச்சு முடிந்தது.

மறுநாள் அவன் வீடியோ போட்டான். வதந்தியாக ஏற்கெனவே உலவிய எங்கள் ஆட்டத்தின் பெயரைச் சொல்லி, இதுதான் கடைசி அறிவிப்பு, கன்பார்ம் என்று தலைப்பு. உள்ளே இன்னும் மோசம். பாடு என்றால் என்ன என்று பொறுமையாக விளக்குகிறான். தன் மச்சான் சுவீடனில் அதே கம்பெனியில் இருக்கிறான், கடைசி அறிவிப்புச் சீட்டு விழுந்தும் வேண்டாம் என்றுவிட்டான், எங்க ஊர்ல எவனும் பாடு வேணாம்னு சொல்ல மாட்டான், இதுக்கு மேல இன்னா சாட்சி வேணும் என்று முடிக்கிறான். நைனா காய்ச்சலோடு போன கதையையும் சேர்த்துக்கொண்டான். வெளிநாட்டுத் தளம் ஒன்று அதை மொழிபெயர்த்துப் போட்டது. நான் சொன்னதை வெளியே சொல்லியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. நான் சொல்லாமல் விட்டதை எடுத்து விற்றிருந்தான்.

போன் போட்டேன்.

“இன்னாடா பண்ணி வெச்சிகீற?”

“நீ ஒண்ணும் சொல்லலியே மச்சான். நானா கண்டுபுடிச்சேன். உனுக்கு இன்னா இதுல?”

“என்னிய எதுக்குடா இழுத்த?”

“பேரு எங்க சொன்னேன்? மச்சான்னு தான சொன்னேன். ஊர்ல எத்தினி மச்சான் கீறானுங்க.”

“அந்தக் கம்பெனில எத்தினி பேருடா கீறானுங்க?”

கஸ்டமர் நிற்கிறார் என்று வைத்துவிட்டான்.

அன்றே எங்கள் மேலாளர் அன்னிகா என்னை ஒரு சின்ன அறைக்குக் கூப்பிட்டார். ஐம்பதை நெருங்கும் பெண்மணி, யாரிடமும் குரல் உயர்த்த மாட்டார். அது எனக்கு எப்போதுமே பயம்தான். என்ன சொன்னீர்கள் என்று கேட்டார். எதுவும் சொல்லவில்லை என்றேன். பிறகு அந்த வீடியோ போட்டவருக்கு எப்படித் தெரிந்தது என்றார். நான் ஏரியிலிருந்து தொடங்கினேன். சீட்டு, முறை, வலை எல்லாம் சொன்னேன். அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். கடைசியில், “அதாவது உங்களுக்கு வந்த முறையை உறவினருக்கு விட்டுக்கொடுத்தீர்கள். இதில் குற்றம் எங்கே இருக்கிறது? நல்ல பண்பல்லவா?” என்றார். இல்லை, எங்கள் ஊரில் அது நல்ல பண்பு இல்லை, யாரும் செய்யாத காரியம் என்றேன். அவர் இன்னும் கனிவாகச் சிரித்தார். நான் தன்னடக்கத்தோடு பேசுகிறேன் என்று நினைத்துவிட்டார். ஷோகேஸ் முடியட்டும், பிறகு பார்க்கலாம், அதுவரை யாரிடமும் பேச வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். வேலை இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் வேலைக்குப் போவது எப்படி இருக்கும் என்று அந்த வாரம் தெரிந்துகொண்டேன்.

ஷோகேஸ் இங்கே பிற்பகலில் வந்தது. கேன்டீனில் பெரிய திரை போட்டு, இலவங்கப்பட்டை பன்னும் காப்பியுமாக எல்லோரும் உட்கார்ந்தோம். இந்த ஃபீகா இல்லாமல் இங்கே எந்தக் காரியமும் நடக்காது. மேசைக்கடியில் என் போனில் கஜாவின் நேரலை சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. புது மெஷினின் விலை அவன் சொன்னபடியே வந்தது. பழைய கார்ப் பந்தயம் திரும்பி வரும் என்றான், வந்தது. அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே, கல்யாண மாப்பிள்ளை தோற்றான். திரை இருண்டது. இசை எழுந்தது. வந்தது வேறு யாருடையதோ ஆட்டம். நான் அன்னிகாவைப் பார்த்தேன். அவர் திரையைப் பார்க்கவே இல்லை, கையிலிருந்த காப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு எழுந்து சொன்னார். முதல் போட்டவர்கள் ஆட்டத்தைக் கைவிட்டுவிட்டார்கள். முடிவு சில வாரங்களுக்கு முன்பே ஆகிவிட்டது, அறிவிக்க வேண்டாம் என்று தனக்குக் கட்டளை. எங்கள் குழு கலைக்கப்படுகிறது. சில வாரங்களுக்கு முன்பு என்றால், என்னை அந்தச் சின்ன அறையில் உட்காரவைத்துக் கேட்டபோதே அவருக்குத் தெரியும். செத்துப்போன ரகசியத்தை நான் காப்பாற்றினேனா என்று விசாரித்திருக்கிறார். அதற்கு நான் ஏரியையும் வலையையும் நைனாவையும் எடுத்து அவர் முன்னால் வைத்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. கோபம் அதற்குப் பின்னால்தான் வந்தது. விடைபெறும்போது அவர் என் தோளைத் தொட்டு, உங்கள் நேர்மைக்கு நன்றி என்றார். அவர் மனதாரத்தான் சொன்னார் என்பது இன்னும் எரிச்சலாக இருந்தது.

கஜாவின் நேரலையில் ஆட்கள் அவனைக் கிழித்துத் தொங்கவிட்டிருந்தார்கள். அதைப் பார்த்துச் சந்தோஷப்பட வேண்டும் என்றுதான் போனை எடுத்தேன், முடியவில்லை. எனக்கு வேலை போய்விட்டது என்று சொல்ல அவனைத்தான் முதலில் கூப்பிடத் தோன்றியது. கூப்பிட்டேன்.

“தெரிஞ்சே தான குடுத்த?” என்றான், எடுத்த எடுப்பில்.

“இன்னாடா சொல்ற? எனுக்கே இப்ப தான் தெரியும். எங்கள எல்லாம் வேலைய வுட்டு எட்த்துட்டானுங்க.”

“மீன் இல்லாத பாடுன்னா தான் மச்சான் ஒருத்தன் விட்டுக்குடுப்பான். அத யோசிக்காம போனது என் தப்பு.”

“டேய், நான் எதுக்குடா உன்ன ஏமாத்தணும்?”

“எனுக்கு இன்னா தெரியும்? நீ அங்க கீற. சரி, இனிமே உனுக்கு சீட்டு போடல. ஊர்ல இல்லாதவனுக்கு இன்னா பாடு?”

என் வேலையைப் பற்றி அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்து அம்மா பேசினார். வேலை போன செய்தியைச் சொன்னேன். ஐயோ என்றார், சாப்பிட்டாயா என்றார், பிறகு குரலைத் தாழ்த்தி, “இருந்தாலும் நம்ம கஜாவுக்கு நீ அப்படிப் பண்ணியிருக்க வேணாம்டா. நாலு பேர் முன்னாடி புள்ள தல குனிஞ்சி நிக்கிது” என்றார். அம்மாவுக்கு நான் விளக்கவில்லை. விளக்கினால் என்ன ஆகும் என்பதை அன்னிகாவிடமே பார்த்துவிட்டேனே.

நேற்று வேலைவாய்ப்பு அலுவலகத்தில் ஓர் இளைஞர் எனக்கு ஒத்தாசையாக நிறையப் பேசினார். குறித்த காலத்துக்குள் வேலை கிடைக்காவிட்டால் என்ன திட்டம் என்று கேட்டார். ஊருக்குப் போவேன் என்றேன். “நல்லது, அங்கே உங்களுக்கு உங்கள் மனிதர்கள் இருக்கிறார்கள்” என்றார். இருக்கிறார்கள். பொன்னேரியிலிருந்து வரும் பஸ் பழவேற்காடு கடைத்தெருவில் கஜாவின் கடைக்கு நேர் எதிரே நிற்கும். பெட்டியோடு இறங்கினால் முதலில் அவன் கண்ணில்தான் படுவேன். அவன் யாருடைய போனையோ திறந்துவைத்துக்கொண்டு குனிந்திருப்பான், நிமிர மாட்டான். பஸ் அங்கேயே திரும்பிப் பொன்னேரிக்குப் போகும், கண்டக்டர் நான் மறுபடி ஏறுகிறேனா என்று பார்ப்பார்.