இரண்டாவது பால்பேணி

அந்த நாளில் கிண்ணியாக் கரையில் மோட்டர் பூட்டிய தோணி ஒன்றே ஒன்றுதான். அதன் சொந்தக்காரன் லாபிர். உலகச் சண்டை தொடங்குவதற்கு முந்திய வருடம், தன் நாட்டுக்குப் போகப் புறப்பட்ட ஒரு வெள்ளைக்காரத் துரையிடம் அந்த மோட்டரை வாங்கினான். அதற்காகத் தோப்பூரில் இருந்த வயலையே கொடுத்துவிட்டான். நல்ல வயலை விற்று ஒரு இரும்புத் துண்டை வாங்கியவன் என்று சந்தையில் சிரித்தார்கள். காரணம் தெரிந்தவர்கள் சிரிக்கவில்லை.

அதற்கு முன்பு அவன் மனைவி அசனாவுக்கு முதல் பிள்ளைப்பேறு சிக்கலாகி, திருகோணமலை ஆஸ்பத்திரிக்குப் பாய்த்தோணியில் கொண்டுபோனார்கள். நடுக்கடலில் காற்று விழுந்தது. பாய் துவண்டு தொங்க, லாபிர் கை தோலுரியத் துடுப்புப் போட்டான். கரை சேர்ந்தபோது அசனா மிஞ்சினாள், பிள்ளை மிஞ்சவில்லை. இனிக் காற்றை நம்புவதில்லை என்று அன்றைக்கே அவன் முடிவெடுத்துவிட்டான்.

மோட்டருக்குப் பெற்றோலோடு எண்ணெயையும் கலந்து ஊற்ற வேண்டும். அந்த எண்ணெயை மோட்டர் செய்த கம்பனியே பச்சைத் தகரத்தில் அடைத்து விற்றது. லாபிருக்கு அதைத் தவிர வேறு எண்ணெய் எண்ணெயே இல்லை. ஒரு கலன் பெற்றோலுக்கு ஒரு பால்பேணி, டின்பால் தீர்ந்த வெறும் டப்பா நிறைய என்று, ஒரு துளி சிந்தாமல் அளந்து ஊற்றுவான். சண்டை வந்த பிறகு துறைமுகம் நிறையக் கப்பல் வந்ததே தவிர, லாபிரின் பச்சைத் தகரம் எந்தக் கப்பலிலும் வரவில்லை. கடைசியில் ஒன்றுதான் எஞ்சியது. ஜப்பான்காரன் குண்டு போட்ட சித்திரையில், ஊரார் நகையைப் புதைத்தபோது அவன் அந்தத் தகரத்தைச் சாக்கில் சுற்றி வீட்டின் குசினிக்குப் பின்னால் மணலில் புதைத்தான். அடுத்த வருடம் அசனா மறுபடி முழுகாமல் இருந்தாள். அந்தத் தகரம் அவளுடைய நாளுக்குத்தான் என்று லாபிர் சொல்லிவிட்டான்.

ஆனால் மோட்டரைச் சும்மாவும் வைத்திருக்க ஏலாது. நோயாளிகளை ஏற்றி இறக்குகிறவன் என்றுதான் அவனுக்குப் பங்கீட்டுப் பெற்றோல் சீட்டுக் கிடைத்தது; ஓடாமல் இருந்தால் சீட்டை வெட்டிவிடுவார்கள். எனவே திருகோணமலைப் பட்டணத்துக் கடையில் பீப்பாயிலிருந்து திறந்து விற்கும் எண்ணெயை, முகத்தைச் சுளித்துக்கொண்டு வாங்கினான். முதல் ஓட்டத்திலேயே மோட்டர் கரும்புகை கக்கிப் பாதி வழியில் நின்றுவிட்டது. ஏறியிருந்தவர்கள் ஆளுக்கொரு துடுப்பைப் பிடித்தார்கள். லாபிர் பீப்பாய் எண்ணெயை ஏழு தலைமுறைக்கும் சேர்த்துத் திட்டினான்.

பட்டணத்தில் ஒரு மோட்டர்ப் பட்டறையில் ஞானசேகரம் வேலை செய்தான். லாபிரைவிடப் பத்து வயது இளையவன். பேச்சுக் குறைவு, வேலை சுத்தம். லாபிர் கொண்டுவந்த மோட்டரின் பிளக்கைக் கழற்றிக் கரியைச் சுரண்டியவன், மோட்டரோடு வந்த இங்கிலீசுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தான். பிறகு எவ்வளவு எண்ணெய் ஊற்றினீர்கள் என்று கேட்டான். கலனுக்கு இரண்டு பேணி என்றான் லாபிர், ஏதோ புண்ணியம் செய்தவன் மாதிரி. தோணிக்குப் பூசும் புன்னை எண்ணெய் மட்டமானதாக இருந்தால் இரண்டு பூச்சுப் பூசுவது அந்தக் கரையின் வழக்கம். நம்பிக்கையில்லாத எண்ணெய்க்கு அதுதான் மருந்து என்று அவன் பிறந்ததிலிருந்து பார்த்து வந்தவன்.

ஞானசேகரம் சிரிப்பை அடக்கிக்கொண்டான். "லாபிர் நானா, நீங்கள் மோட்டருக்கு எண்ணெய் விடேல்லை, தோணிக்குப் பூசியிருக்கிறியள். புத்தகத்தில முப்பதாம் நம்பர் தடிப்புள்ள எண்ணெய் எண்டு கிடக்கு. அந்தப் பீப்பாயிலயும் முப்பதுதான். அளவுதான் பிழை, கூட விட்டதில கரி அடைச்சுப்போட்டுது."

தங்கள் எண்ணெய்தான் சிறந்தது என்று கம்பனி எழுதியிருக்கிறதே என்று லாபிர் விடாமல் கேட்டான். அவர்கள் வேறு எப்படி எழுதுவார்கள் என்றான் ஞானசேகரம். அதற்காகத் தேங்காயெண்ணெயை ஊற்றிவிட வேண்டாம் என்றும் சொல்லிவைத்தான். அதன் பிறகு லாபிர் ஒரு பேணி ஊற்றி ஓடினான். மோட்டரும் முணுமுணுக்காமல் ஓடியது. என்றாலும் அவன் மனம் மணலுக்குள் இருந்த தகரத்தைவிட்டு அசையவில்லை. அசனாவின் உயிரை வைத்து எண்ணெயைச் சோதிக்க அவனுக்குத் தைரியம் இல்லை, அவ்வளவுதான்.

அவளுடைய நாள் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்தது. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, உடனே பட்டணத்துக்குக் கொண்டுபோங்கள் என்றாள் மருத்துவிச்சி. கரையில் இலை அசையும் காற்றுகூட இல்லை. லாபிர் குசினிக்குப் பின்னால் ஓடி மணலைக் கிளறினான். சாக்கு வந்தது, தகரம் இறகுபோல லேசாகக் கையோடு வந்தது. உப்பு மணல் அடித்தகட்டைத் தின்று, எண்ணெயையும் குடித்துவிட்டிருந்தது. ஒன்றரை வருடமாக அவன் காவல் காத்தது வெறும் தகரம். தகரத்தை வீசிவிட்டுப் பீப்பாய் எண்ணெயை எடுக்க ஓடினான்.

அசனாவைக் கதிரையோடு தூக்கிவந்து தோணியில் ஏற்றினார்கள். லாபிர் பெற்றோலில் ஒரு பேணி பீப்பாய் எண்ணெயை ஊற்றினான். தன்னையறியாமல் இரண்டாவது பேணியையும் நிரப்பிக்கொண்டு குனிந்தான். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த அசனா எட்டி அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"போதும். ஒரு வருசத்துக்கு மேலா அந்த ஒரு பேணிலதானே ஓடின. வேற ஆக்கள்ர உம்மாமார ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன எண்ணெய் என்னையும் கொண்டுபோகும்."

அவன் பேணியைக் கீழே வைத்தான். கயிற்றைச் சுற்றி இழுத்தான். இரண்டாம் இழுப்பில் மோட்டர் பிடித்துக்கொண்டது. போகிற வழியெல்லாம் அவன் கண் கரையில் இல்லை, மோட்டரின் புகையில்தான் இருந்தது. புகை மெல்லிய நீலமாகவே வந்தது. முன்பு பாய் துவண்டு நின்ற இடம் எது என்று அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அந்த இடத்தை மோட்டர் ஒரே சத்தத்தில் கடந்தது. அசனா கண்ணை மூடிக்கொண்டு ஓதினாள். லாபிர் கையை மோட்டரிலிருந்து எடுக்கவில்லை.

அஸர் தொழுகை நேரத்துக்குப் பிறகு நேர்ஸ் வெளியே வந்து, பெண் பிள்ளை, இருவரும் சுகம் என்றார். லாபிர் சுவரைப் பிடித்துக்கொண்டு, பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்று அழுதான். பிள்ளைக்கு என்ன பெயர் வைக்கப் போகிறீர்கள் என்று நேர்ஸ் கேட்டார். எண்ணெயைப் பற்றி யோசித்த அளவுக்கு அவன் எதைப் பற்றியும் யோசித்ததில்லை. ஆனால் பெயரைப் பற்றி மட்டும் ஒன்பது மாதத்தில் ஒருநாள்கூட நினைக்கத் துணிந்திருக்கவில்லை.

"கொஞ்சம் நில்லுங்க மிஸ்ஸி," என்றான். "இப்பதான் யோசிக்கப் போறன்."