பஸ் குடித்த ஒரு குடம்

போன செவ்வாய்க்கிழமை, கிருஷ்ணகிரியில் கட்டிக்கொண்டிருக்கும் அணையைப் பார்க்க ஓசூரிலிருந்து பஸ் ஏறினேன். நாகரிகம் நதிக்கரையில் பிறந்தது, அணைக்கட்டில் வளரப்போகிறது — இந்த வாரக் கட்டுரைக்கு இப்படி ஜோராக ஒரு முதல் வரிகூட யோசித்து வைத்திருந்தேன்.

அந்த வரியை அடித்துவிட்டேன்.

உத்தனப்பள்ளியில் ஒரு புருஷனும் மனைவியும் ஏறினார்கள். அவள் தோளில் நாலு வயதுப் பெண் குழந்தை, மாதம்மா. விடியற்காலையிலிருந்து வாந்தி, பேதி. கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். குழந்தையின் கண்கள் குழிக்குள் போயிருந்தன. வெடித்த உதடுகள் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தன.

"அம்மா... தண்ணி..."

"ஆஸ்பத்திரி போனதும் தரேன் சாமி."

பக்கத்து சீட்டில் வெற்றிலை மென்றவர் எச்சரித்தார். "குடுத்துறாத தாயி. தண்ணி உள்ள போனா பேதி இன்னும் புடுங்கும்."

பஸ்ஸே தலையாட்டியது. என் தலையும்தான் — பி.ஏ. படித்த தலை!

ராயக்கோட்டை தாண்டி மேடு ஏறும்போது எஞ்சின் புகைந்தது. ரேடியேட்டர் வறண்டுவிட்டது. கண்டக்டர் தகர டின்னோடு ரோட்டோரக் கிணற்றுக்கு ஓடினார். நானும் ஓடினேன். இந்தக் கோடையில் அதைக் கிணறு என்பதா? அடியில் ஒரு தட்டளவு ஊற்று. கொட்டாங்குச்சியால் மொண்டு மொண்டு குடம் நிரப்பிக்கொண்டிருந்தார்கள் பெண்கள்.

"ஏன்யா, மனுசருக்கே சொட்டு இல்ல. உன் வண்டிக்கு வாய் கேக்குதா?" என்றாள், குடம் நிரம்பியிருந்த ஒருத்தி.

"வண்டி குடிக்கலன்னா ஒரு கொழந்த ஆஸ்பத்திரி போய்ச் சேராதுக்கா," என்றார் கண்டக்டர்.

அவள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு பஸ்ஸுக்கே வந்தாள். ஜன்னல் வழியே குழந்தையைப் பார்த்தாள். ஒரு கை அள்ளி நீட்டினாள்.

குழந்தை வாயைத் திறந்தது. தாய் உள்ளங்கையால் அந்த வாயை மூடினாள்.

"வேணாங்க்கா... இருக்கற உசுரும் போயிடும்."

அள்ளிய தண்ணீர் குடத்துக்கே திரும்பியது. குடம் முழுதும் ரேடியேட்டருக்குள் போனது. களக் களக்கென்று எஞ்சின் குடிக்கும் சத்தத்தை மாதம்மா கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். டாக்டர் குழந்தையின் தோலைக் கிள்ளிப் பார்த்தார். கிள்ளியது கிள்ளியபடியே நின்றது. ஊசி ஏற்ற நரம்பு தேடினார்... தேடிக்கொண்டே இருந்தார்.

"உடம்புல தண்ணியே இல்லையேம்மா. வழியில குடிக்க ஒண்ணும் குடுக்கலியா?"

"இல்லீங்க சாமி," என்றாள் அவள், சொன்னதைச் சரியாகச் செய்துவிட்ட நிம்மதியோடு. "கேட்டுக்கிட்டேதான் வந்துச்சு. ஒரு சொட்டு குடுக்கலீங்க."

சாயங்காலம் குழந்தை போய்விட்டது.

நான் அணையைப் பார்க்காமலே திரும்பினேன். அணை வரும், வாய்க்கால் வரும், வயல் நனையும். எல்லாம் வரட்டும். ஆனால், ஊர்வரை வந்த தண்ணீர் உதட்டுவரை வர இன்னும் எவ்வளவு தூரம்?

அந்தத் தாயைத் திட்டி எனக்குக் கடிதம் போடாதீர்கள். ஒரு பஸ் நிறைய நாங்கள் இருந்தோமே! பஸ்ஸுக்குத் தாகம் எடுத்தால் என்ன கொடுக்க வேண்டும் என்று எங்கள் அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது.