சின்ன மாமா பார்த்த யன்னல்

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். கொம்பு எங்கே, குற்று எங்கே என்று இன்றைக்கும் எனக்குத் தடுமாற்றம்தான். பெயர்கள் ஞாபகத்தில் நிற்பதில்லை. எது முந்தி நடந்தது, எது பிந்தி நடந்தது என்பதும் குழம்பிப் போகிறது. தமிழ்ப் பள்ளி மலருக்கு ஏதாவது எழுதித் தாங்கோ என்று மகள் ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். என்னிடம் எழுத என்ன இருக்கிறது என்று தட்டிக்கழித்து வந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை மருமகன் ஒரு விஷயம் காட்டினார். அதனால் வந்த வினை இது. வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளவேண்டும்.

நான் அமெரிக்காவுக்கு, இந்த ரிச்சர்ட்சனுக்கு வந்து ஒன்பது வருஷம். மருமகன் இருக்கிற அறையில் நான் இருப்பது குறைவு. அவர் நல்ல பிள்ளை, எனக்குத்தான் கூச்சம். ஃபுட்போல் நடக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் சோபாவில் இருந்து கத்துவார். நான் குசினி மேசையில் கீரை ஆய்ந்துகொண்டு காதால் பார்ப்பேன். இங்கே ஃபுட்போல் என்றால் காலால் உதைப்பது இல்லை. பந்தைக் கையால் எறிந்து, ஆளை ஆள் விழுத்துகிற விளையாட்டு. அன்றைக்கு மகள் கடைக்குப் போயிருந்தாள். சந்தோஷத்தைப் பங்கிட ஆள் இல்லாமல் அவர் என்னைக் கூப்பிட்டார்.

"மாமி, ஒருக்கா இஞ்ச வாங்கோ. இதை மிஸ் பண்ணினா வாழ்க்கையே வேஸ்ட்."

கீரைச் சட்டியோடு போய்க் கதிரை நுனியில் இருந்தேன். அவர் படத்தைப் பின்னுக்கு ஓட்டி நிறுத்தினார்.

"இவன்தான் குவாட்டர்பேக், பந்து எறியிறவன். இவன்ர கையைப் பாக்காதேங்கோ. கண்ணைப் பாருங்கோ. எந்தப் பக்கம் பாக்கிறான்?"

தலைக்கவசத்துக் கம்பிகளுக்குள்ளே கண் தெரிந்தது. "இடப்பக்கம்" என்றேன்.

"ஓம். அங்க பின்னுக்குத் தனிய நிக்கிறவன் காவல். அவனும் இந்தக் கண்ணைத்தான் பாத்துக்கொண்டு நிக்கிறான். கண் இடப்பக்கம் போக, அவனும் இடப்பக்கம் இழுபட்டுப் போறான். இப்ப பாருங்கோ!"

பந்து வலப்பக்கம் போனது. அங்கே காவலுக்கு ஒரு குருவிகூட இல்லை. வலப்பக்கத்தில் நின்றவன் நடந்து போய்ப் பிடித்தான் என்றே சொல்லலாம். "கண்ணாலேயே ஆளைக் கட்டி இழுத்திட்டான் மாமி!" என்று மருமகன் சோபாவில் துள்ளினார். எறிவதுபோலத் தோளையும் ஒருக்கால் ஆட்டிக் காட்டியிருக்கிறானாம். அதையும் மூன்று தரம் ஓட்டிக் காட்டினார்.

எனக்குச் சின்ன மாமாவின் நினைவு வந்துவிட்டது.

சின்ன மாமா அம்மாவின் கடைசித் தம்பி. சங்கக்கடையில், அதுதான் கூட்டுறவுக் கடையில் வேலை, சாப்பாடும் படுக்கையும் எங்கள் வீட்டில். அப்போது எனக்கு ஒன்பது வயதிருக்கலாம், பத்தாகவும் இருக்கலாம். ஊரில் எங்கள் வீட்டுக்குப் போகிற ஒழுங்கை முடிகிற இடத்தில் ஒரு வெறுங்காணி இருந்தது. பின்னேரங்களில் அங்கே கிளித்தட்டு நடக்கும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நிலத்தில் பெட்டி பெட்டியாகக் கோடு கீறியிருக்கும். ஒரு பக்கத்தார் கோட்டுக்கு ஒருவராகக் காவல் நிற்பார்கள். மற்றப் பக்கத்தார் அடி வாங்காமல் கோடுகளைத் தாண்டி அந்தத்துக்குப் போய்த் திரும்பி வரவேண்டும். காவலுக்குத் தலைவன்தான் கிளி.

சின்ன மாமாவை மறிக்க அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒரு கிளி பிறக்கவில்லை. அவர் வேகமாக ஓடுகிறவரும் இல்லை. கோட்டுக்கு முன்னால் வந்து சும்மா நிற்பார். இடப்பக்கம் எதையோ கண்டவர்போல் பார்ப்பார். முகமே மாறிவிடும். காவல்காரன் தன்னை அறியாமல் அந்தப் பக்கம் ஒரு அடி வைப்பான். அந்த ஒரு அடி போதும், மாமா மற்றப் பக்கத்தால் போய்விடுவார்.

அவர் பார்க்கிற இடப்பக்கத்தில் தையல் அக்காவின் வீடு இருந்தது. எங்கள் ஆட்கள்தான், நெருங்கிய பழக்கம். யன்னலடியில் தையல் மெஷின். விளையாட்டுத் தொடங்கினால் மெஷின் சத்தம் நின்றுவிடும். காணிக்கு வலப்பக்கத்தால் மாதா கோயில் ஒழுங்கை போனது. பின்னேரப் பூசைக்கு முக்காடு போட்ட பெட்டைகள் அதால் போவார்கள். மற்றப் பெடியங்கள் எல்லாம் ஒரு தரம் அந்தப் பக்கம் பார்த்துவிட்டுத்தான் ஆடுவார்கள். சின்ன மாமா மட்டும் தலையைத் திருப்பியதே இல்லை.

"என்ர தம்பி தங்கம்" என்று அம்மா சொல்லுவா.

அந்தத் தங்கத்துக்கும் காவல் போட்டிருந்தார்கள். எங்கள் ஆட்களில் யாரோ ஒரு பெடியன் மாதா கோயில் வேதக்காரப் பெட்டைக்குக் கடிதம் கொடுக்கிறான் என்று ஊரில் ஒரு கதை. பெடியன் இருக்கிற எல்லா வீட்டிலும் பயம். எங்கள் பெரிய மாமா ஒரு கிழமை முழுக்க வேலியோடு நின்று தம்பியைப் பார்த்தார். தம்பியின் கண் தையல் அக்காவின் யன்னலுக்குப் போவதைக் கண்டுபிடித்தார். வீட்டுக்கு வந்து, "பயப்பிடாதை அக்கா, அவன் எங்கட வேலிக்குள்ளதான் மேயிறான்" என்றார். அன்றைக்கு அம்மா பாயாசம் வைத்தா.

தையல் அக்காவுக்கு அப்போது ஒரு சம்பந்தம் வந்திருந்தது. தூரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் வாத்தியார். பொங்கல் முடியப் பதில் சொல்லவேண்டும். அக்காவுக்கு வயது போகிறது, இதையும் விட்டால் இனி ஒன்றும் தேடி வராது என்று அவவுடைய தாய் எங்கள் கிணற்றடியில் வந்து அழுததை நானே கேட்டேன்.

பொங்கலுக்கு எனக்குச் சட்டை தைத்ததும் அந்த அக்காதான். வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு, என்னைச் சுற்றிச் சுற்றி அளவு பிடித்தார்.

"நாளைக்குப் போட்டியாமே. நீ போவியோ?"

"ஓம். மாமா ஆடுறார்."

"கொடுப்பினைதான்." ஊசிகளை எடுத்துப் பெட்டியில் போட்டார். "எனக்கொரு உதவி செய்வியோ? மாமா எந்தப் பக்கம் பாக்கிறார் எண்டு வடிவாப் பாத்து வந்து சொல்லு. ஆசைக்காகக் கூட்டிச் சொல்லக்கூடாது. பாக்காட்டிப் பாக்கேல்லை எண்டு சொல்லவேணும், என்ன?"

நான் தலையாட்டினேன். என்னை நம்பி ஒருவர் ஒரு வேலை தந்தது அதுதான் முதல் தரம்.

மறுநாள் எல்லாரும் மாமாவின் காலைப் பார்த்துக் கத்தினார்கள். நான் அவர் கண்ணைவிட்டு என் கண்ணை எடுக்கவில்லை. முதற்கோட்டில் ஒரு தரம் பார்த்தார். நடுக்கோட்டில் கிளி கையை விரித்துக்கொண்டு நின்றபோது பார்த்தார். அது நீளப் பார்வை, உதட்டில் சிரிப்பும் இருந்தது. திரும்பி வரும்போது கடைசிக் கோட்டில் இன்னொரு தரம். ஊர் மாமாவைத் தோளில் தூக்கியபோது நான் அக்கா வீட்டுப் படலையைத் தள்ளிக்கொண்டு ஓடினேன்.

"மூண்டு தரம் அக்கா! மூண்டு தரமும் உங்கட யன்னலைத்தான்!"

"மெய்யாவோ?"

"அம்மாவாணை!"

அக்கா என்னை இறுக்கிக் கட்டிப்பிடித்தார். அவருடைய நெஞ்சு மெஷின்போல ஓடிக்கொண்டிருந்தது. வாத்தியாருக்கு வேண்டாம் என்று அந்தக் கிழமையே சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதைக் கேள்விப்பட்ட அம்மாவும் பெரிய மாமாவும் இனிச் சுணக்கக்கூடாது என்று நாள் பார்த்தார்கள்.

கலியாணம் கதைச்சு முடிக்கப் போகும்போது மாப்பிள்ளை கூடப் போகிற வழக்கம் எங்களிடம் இல்லை. பெரியவர்கள் போவார்கள், மாப்பிள்ளை வீட்டில் இருப்பான்.

"நீங்கள் எல்லாரும் போயிட்டு வாங்கோ அக்கா" என்றார் சின்ன மாமா. "வீட்டுக்கு நான் காவல்."

"வெக்கத்தைப் பார்!" என்று பெரிய மாமா அவர் முதுகில் தட்டினார்.

அம்மா, அப்பா, பெரிய மாமா, மாமி எல்லாரும் வெளிக்கிட்டார்கள். வாழைப்பழத் தட்டு என் கையில். தையல் அக்கா பச்சைச் சீலை உடுத்து, தேத்தண்ணித் தட்டோடு வந்தார். நடை ஒரு மாதிரிக் காற்றில் போவதுபோல இருந்தது. பெரிய மாமா முதல் மிடறு குடித்திருப்பார். சங்கக்கடை மனேச்சர் சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

"இஞ்சதான் நிக்கிறியளோ? அப்ப உங்கட தம்பி ஏன் பஸ் ஏறினவர்? பெட்டியும் கையுமா நிண்டார். மாதா கோயில் ஒழுங்கைப் பெட்டையும் கூட."

அப்பா கோப்பையை வைத்துவிட்டு, எழும்பி, திரும்பவும் இருந்தார். அக்கா தட்டைப் பிடித்தபடி நின்றார். நான் பழத்தட்டை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நின்றேன். எனக்கு அதுதான் அன்றைக்குப் பெரிய பிரச்சினை.

ஒரு வருஷத்தில் எல்லாம் ஆறிவிட்டது. சின்ன மாமா மனைவியோடும் கைப்பிள்ளையோடும் வந்து நின்றபோது அம்மா பிள்ளையை வாங்கிக்கொண்டா. அந்த மாமி தங்கமான மனுசி. எனக்குக் கடைசிவரை கடிதம் போட்டவர் அவர்தான். குடும்பம் கூடினால் இந்தக் கதையைச் சொல்லாத நாள் இல்லை. "முழுக் காவலையும் இடப்பக்கம் அனுப்பிப்போட்டு வலப்பக்கத்தால போனவனெல்லோ!" என்று பெரிய மாமாவே வயிறு குலுங்கச் சிரிப்பார். நானும் சிரித்திருக்கிறேன். அறுபது வருஷத்துக்கு மேலாகச் சிரித்திருக்கிறேன்.

அன்றைக்கு மருமகன் படத்தை நிறுத்திவைத்திருந்தபோது, இடப்பக்கத்தில் இன்னொருவன் ஓடிக்கொண்டிருந்ததைக் கண்டேன். குவாட்டர்பேக்கின் கண் முழுக்க அவன்மேல்தான் இருந்தது. உயிரைக் கொடுத்து ஓடினான்.

"தம்பி, அப்ப இந்தப் பிள்ளை? தனக்குப் பந்து வருமெண்டு நம்பித்தானே ஓடுறான்?"

மருமகன் சிரித்தார். "இல்லை மாமி. வராதெண்டு அவனுக்கும் தெரியும். முதலே பேசி வச்சதுதான். காவலை இழுக்கத்தான் ஓடுறான்."

அவனுக்குத் தெரியுமாம். நான் கீரைச் சட்டியை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டேன்.

சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. சின்ன மாமா போய் ஐந்தாறு நாள் கழித்துத் தையல் அக்கா வேலியடியில் என்னைக் கூப்பிட்டார். முகம் வீங்கியிருந்தது, சளி, தடிமன் என்று நினைத்தேன்.

"அண்டைக்கு நீ சரியாத்தான் பாத்தனியோ?"

எனக்கு ரோசம் வந்துவிட்டது. "நான் பொய் சொல்லுறேல்லை அக்கா. உங்கட பக்கம்தான் பாத்தவர். சிரிச்சவரும்."

"ஓம்" என்றார். "நீ சரியாத்தான் பாத்திருக்கிறாய்." என் தலையைத் தடவிவிட்டு உள்ளே போனார்.

நான் துள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். இவ்வளவு பேர் நின்ற இடத்தில் சரியாகப் பார்த்தவள் நான் ஒருத்திதான் என்று அக்காவே சொல்லிவிட்டாரே.

இதில் பிழைகள் இருக்கும். சீலை பச்சையோ நீலமோ, மாமா பார்த்தது மூன்று தரமோ இரண்டு தரமோ, அடித்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. எங்கள் ஊர்க்காரர் யாராவது வாசித்தால் சரி பிழை பார்த்து மகளிடம் சொல்லுங்கோ. அந்த அக்காவுக்குப் பிறகு கலியாணம் நடந்ததோ என்பதையும் விசாரித்துச் சொல்லுங்கோ. இவ்வளவு காலமும் அதை நான் ஒருவரிடமும் கேட்கவில்லை.