நண்டு வளைக்குப் பத்து அங்குலம்

தியாகராயநகரில் எங்கள் போட்டோ சங்கம் மாதம் ஒரு ஞாயிறு கூடும். தை மாதக் கூட்டத்துக்கு நான் கொண்டுபோன எறும்புப் படத்தைச் செயலாளர் சுவரில் மாட்ட மறுத்துவிட்டார். "மூக்குக் கண்ணாடிச் சில்லை ஒட்டி எடுத்தால் இப்படித்தான் வரும். நீளத் துருத்திக் காமிரா இல்லாதவர்கள் பூச்சிப் பக்கம் போகக் கூடாது" என்றார், பத்துப் பேர் எதிரில். படம் கொஞ்சம் மங்கல்தான். கொஞ்சம். அடுத்த கூட்டத்துக்குள் காலில் உள்ள முடிகூடத் தெரிகிற படம் கொண்டு வருவேன், இல்லாவிட்டால் இந்தப் படி ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். வாசலுக்கு வந்த பிறகுதான், ஞாயிறுகளில் போக எனக்கு வேறு இடமே இல்லை என்பது உறைத்தது. அதற்காகச் சொன்னதை மாற்றிக்கொள்ள முடியுமா?

யுத்தம் முடிந்து பிலிம் கடைகளில் மறுபடி தலைகாட்டத் தொடங்கியிருந்த சமயம். ஒரு சுருள் கிடைத்தது. எட்டுப் படம்.

என் காமிரா மடிப்புக் காமிரா. மூன்றரை அடிக்குக் கிட்டே எதையும் அது தெளிவாகப் பார்க்காது. ஆனால் நான் படிக்கிற கண்ணாடியின் சில்லு நாலு பவர். அதை முன்னால் மாட்டி, காமிராவின் தூர அளவை மலையைப் படமெடுக்கிற இடத்தில் வைத்தால், சில்லிலிருந்து சரியாகப் பத்து அங்குலத்தில் உள்ள பொருள் கத்தி முனைபோல் விழும். இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சில்லைப் பிசின் போட்டு ஒட்டியதில் அது சாய்ந்துகொண்டதுதான் எறும்பு விஷயத்தில் நேர்ந்த பிழை. ஆகவே கச்சேரி ரோடில் மூக்குக் கண்ணாடி செய்கிற பாயிடம், காமிரா மூக்கில் கவ்விக்கொள்கிற தகர வளையம் ஒன்று செய்யச் சொன்னேன். எட்டணா வாங்கினார். வளையத்தில் சில்லைப் பொருத்தியவர் என் மூக்கில் மிச்சமிருந்த கண்ணாடியைப் பார்த்தார்.

"ஒரு பக்கம் ஓட்டையா கீதே பெரியவரே, எப்டிப் படிப்பீங்க?"

"இன்னொரு கண்ணு இருக்குல்ல?"

"அல்லாவே, அதையும் கயட்டிக்கினு வந்துடாதீங்க!"

பத்து அங்குலத்தை அளக்க வளையத்தில் ஒரு பருத்தி நூலைக் கட்டி, நுனியில் முடிச்சுப் போட்டுக்கொண்டேன்.

மாசி ஞாயிறு காலை ஆறு மணிக்கு லஸ் முனையில் பஸ் ஏறினேன். அடையாறு பாலத்துக்கு ஒன்றரை அணா, இரண்டரை மைல். பாலம் தாண்டி இறங்கி, தோட்டங்களின் ஓரமாக ஊரூர்க் குப்பத்துக்கு ஒன்றேகால் மைல் நடை. ஏழேகாலுக்கு ஆற்று முகத்துவாரத்தில் நின்றேன். தண்ணீர் வடிந்திருந்தது. சேறு முழுக்கச் சிறு நண்டுகள், ஒரு கை மட்டும் உடம்பளவு பெரிதாக. அந்தக் கையைத் தூக்கித் தூக்கி ஆட்டின. என்னையே கூப்பிடுவதாக நினைத்துக்கொண்டேன். சந்தோஷத்தில் செருப்பைக் கழற்ற மறந்து சேற்றில் இறங்கிவிட்டேன்.

குப்புறப் படுத்து, முடிச்சை வளை வாயில் தொட்டு அளந்து, ஐந்து படம் எடுத்தேன். அப்போது பின்னால் ஒரு குரல்.

"இன்னா நைனா, நண்டாண்ட ஆசீர்வாதம் வாங்கிக்கினு கீறியா?"

கட்டுமரத்தில் சாய்ந்து வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்த கன்னியப்பன் என்கிற மீனவர். நூலின் உபயோகத்தை அவருக்கு விளக்கினேன். அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து நண்டுகள் எல்லாம் வளைக்குள் ஓடிவிட்டன.

"நனைஞ்ச நூலா? அது சுருங்கிக்கினு போவுமே! எங்க வலையே தண்ணில போனா கண்ணு சின்னதாப் பூடும்."

"என் நூல் சுருங்காது" என்றேன்.

"ஏன், உன் நூலு இன்னா சீமை நூலா?"

குடைக் காம்பில் அங்குலம் கீறி வைத்திருக்கிறேன். நூலை அதன்மேல் வைத்தோம். ஒன்பதரை. இரண்டாம் முறை நானே வைத்தேன். ஒன்பதரைதான். அரை அங்குலம் தவறினால் போதும், நண்டு களிமண் ஆகிவிடும். ஐந்து படம் போயிற்று. மிச்சம் மூன்று.

கன்னியப்பன் ஒரு மூங்கில் பத்தையைக் குடையோடு வைத்துப் பத்து அங்குலத்துக்கு நறுக்கினார். காமிராவைப் பையின் மேல் வைத்து, பத்தையால் வளை வாய்க்கு அளந்து, பிறகு நண்டுக்காகக் காத்திருப்பது என்று முடிவாயிற்று. இரண்டு முறை என் நிழல் விழுந்து நண்டு உள்ளே ஓடியது. இரண்டு முறையும் அவசரத்தில் விசையை அழுத்தி, வெறும் வளையைப் படமெடுத்தேன்.

கடைசிப் படம். கன்னியப்பன் பத்தையை எடுத்து நிமிரும்போதே கொடுக்கு வெளியே எட்டிப் பார்த்தது.

"அசையாதே!" என்று சீறினேன்.

"மூக்கு அரிக்குது நைனா."

"அரிக்கட்டும்."

ஒற்றைக் காலை முன்வைத்தபடி அவர் மரம்போல் நின்றார். பத்து நிமிஷம் ஆயிற்று. நண்டு முழுக்க வந்தது, வெயிலுக்குத் திரும்பியது, கையைத் தூக்கியது. அழுத்தினேன். அவர் மூக்கைச் சொறிந்துகொண்ட சத்தம் அக்கரைக்குக் கேட்டிருக்கும். இருவரும் சேற்றில் உட்கார்ந்து காரணமில்லாமல் சிரித்தோம்.

பிலிமை வீட்டில் கழுவிப் பார்த்தேன். முதல் ஐந்தும் கூழ். எட்டாவதில் நண்டின் காலில் ஒவ்வொரு முடியும் தனித்தனியாக நின்றது. மூலையில் ஒரு கால் கட்டைவிரல், நகத்துச் சேறு உட்பட.

கூட்டத்தில் செயலாளர் பூதக்கண்ணாடி வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"லென்ஸ் எந்தக் கம்பெனி?"

"என் வலது கண்."

விரலை வெட்டிவிட்டால் மாட்டலாம் என்றார். விரலோடு மாட்டுங்கள், இல்லாவிட்டால் படத்தைக் கொடுங்கள் என்றேன். கால் மணி வாக்குவாதம். விரலோடு மாட்டினார்.

மறு ஞாயிறு ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு குப்பத்துக்குப் போனேன். கன்னியப்பன் நண்டைப் பார்க்கவேயில்லை. "ஏய், என் வெரலு!" என்று எல்லாரையும் கூப்பிட்டார். கூட்டம் கலைந்த பிறகு, "மத்த அஞ்சும் இன்னா ஆச்சி?" என்றார். செயலாளரிடம் சாகும்வரை சொல்லமாட்டேன். அவரிடம் சொன்னேன்: "நீ சொன்னதுதான் சரி."

போகிறவர்களுக்கு: ஏழு மணிக்குள் போங்கள், தண்ணீர் வடிகிற நேரத்தைக் குப்பத்தில் முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். லென்ஸின் துவாரத்தைச் சின்னதாக வையுங்கள். நான் வைத்தது எஃப் இருபத்திரண்டு, வேகம் வினாடியில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. காமிராவின் பார்வைக் கண்ணாடி லென்ஸுக்கு மேலே இருக்கிறது, கிட்டத்தில் அது காட்டுவது ஒன்று, பிலிமில் விழுவது ஒன்று. விரல் அப்படித்தான் வந்தது. நூல் வேண்டாம், மூங்கில் கொண்டுபோங்கள். விரல் விழுந்தால் வெட்டாதீர்கள்.