துப்பாக்கி பிடிக்கும் கை

ஹில்டாவிடம் தோசைக் கரண்டியைக் கொடுத்துவிட்டு ஐசக் மூன்றடி பின்னால் போய் ஒரு கண்ணை மூடிக்கொள்கிறார். "இன்னும் கொஞ்சம் கோவமா பிடி. வில்லன் வாசல்ல நிக்கிறான்." வாசலில் பால் பாக்கெட்டோடு நிற்பது மாடிவீட்டு மாமி. அவருக்குப் பழகிவிட்டது.

கிழக்குத் தாம்பரத்தில் இருக்கும் இந்த வீட்டிலிருந்து பதினொரு ஆண்டுகளாக மாதம் ஒரு காமிக்ஸ் அட்டைப்படம் போகிறது. ஐசக் முதலில் கையைத்தான் வரைவார். "மூஞ்சிய மாஸ்க் போட்டு மறைச்சிடலாம். கைய எங்க ஒளிக்கிறது?" மின்சார ரயிலில் கம்பியைப் பிடித்திருக்கும் கைகளையே உற்றுப் பார்த்து, இரண்டு முறை பிக்பாக்கெட் என்று பிடிபட்டிருக்கிறார். அதற்குப் பிறகு எல்லாமே மனைவி ஹில்டாவின் கைதான். மோதிரத்தை மட்டும் ரப்பரால் அழித்துவிடுவார். ஒருமுறை மறந்துபோய், ஒரு கடற்கொள்ளைக்காரன் கல்யாணமானவனாகக் கடைக்குப் போய்விட்டான்.

ஹில்டா இடதுகைக்காரர். அதனால் ஐசக்கின் வீரர்கள் அனைவரும் இடக்கையால்தான் சுடுவார்கள். போன மாதம்தான் பல்லாவரத்து வாசகர் ஒருவர் எழுதிக் கேட்டார்: கதைக்குள் குண்டடிபட்டுக் கட்டுப்போட்டிருக்கும் இடக்கையால் ஹீரோ அட்டையில் எப்படிச் சுடுகிறான்? எங்கள் காமிக்ஸ் ஆசிரியர் ஏகநாதன் போனில் சொல்லிவிட்டார். அந்தக் கதையின் இரண்டாம் பாகத்துக்கும் அதே கை வந்தால், இனி அட்டையெல்லாம் கம்ப்யூட்டரில்தான்.

ஐசக் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னதும், ஹில்டா கரண்டியை வலக்கைக்கு மாற்றிப் பார்த்தார். தாளில் வந்த வீரன் கஷாயம் குடிக்கப் பயப்படுபவன் போல இருந்தான்.

"ஸ்கூல்ல சிஸ்டர் ஸ்கேலால அடிச்சே இந்தக் கை மாறல. உங்க ஹீரோவுக்காக மாறிடுமாங்க?"

கரண்டி மறுபடி இடக்கைக்குப் போயிற்று. ஐசக் வரைந்து முடித்தார். பிறகு தாளைப் புரட்டி, வெயில் விழும் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, பின்பக்கமாகவே கோடு கோடாக இழுத்தார். வீரன் வலக்கைக்காரன் ஆகிவிட்டான், ஹில்டாவின் விறைப்பு அப்படியே இருந்தது. அட்டையை வாங்கிப்போக வந்திருந்த நான் பையைத் திறந்தேன்.

"ஏங்க, மூலையில பாருங்க" என்றார் ஹில்டா.

வேகத்தில் ஐசக் தன் கையெழுத்தையும் இடவலம் மாற்றி நகலெடுத்திருந்தார். அதை ரப்பரால் அழித்து, தூளை ஊதிவிட்டு, பென்சிலை ஹில்டாவின் இடக்கைப் பக்கமாக நீட்டினார்.