வெள்ளிக்கிழமை மீன் தொடாத மன்னார் அக்கா

பிலோமினா அக்கா போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் குசினியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். தோர்ண்டன் ஹீத்திலிருந்து அவருடைய மகள் ஷாமினி தொலைபேசி எடுத்தாள். “அன்ரி, அம்மா விடியப் போயிட்டா” என்றாள். அழவில்லை. ஆசுபத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்து அலைந்து அவளுடைய அழுகையும் களைத்துப் போயிருந்தது. “ஓம் பிள்ளை, வாறன்” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்து மிச்சக் கீரையையும் ஆய்ந்து முடித்தேன். இந்த வயதில் சாவுச் செய்தி வந்தாலும் கை உடனே நின்றுவிடுவதில்லை.

அக்காவின் நினைவு மலருக்கு நாலு வரி எழுதித் தரும்படி அவருடைய கணவர் அந்தோனி அண்ணை கேட்டார். நான் பள்ளிக்கூடம் அதிகம் போனவள் அல்ல. தமிழைத் தேவாரப் புத்தகத்திலும், ஆங்கிலத்தை இங்கே கடைகளில் டின்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தும் படித்தவள். ஆனாலும் எழுதுகிறேன். கோயிலில் பூ அடுக்கும் அக்காவை, பள்ளிக்கூடக் கன்ரீனில் வேலை செய்த அக்காவை உங்களுக்குத் தெரியும். மாட்டிறைச்சிக்குப் பேர்போன ஒரு பெரிய சாப்பாட்டுக்கடையில் எனக்குப் பக்கத்தில் இருந்த அக்காவை எங்கள் நாலு பேருக்குத்தான் தெரியும். அந்த நாலு பேரில் இப்போது ஒருவர் குறைந்துவிட்டார்.

எண்பதுகளின் நடுப்பகுதி. ஊரை விட்டு இந்த நாட்டுக்கு வந்து மோர்டனில் அடுத்தடுத்த தெருக்களில் இருந்தோம். என் கணவரும் அந்தோனி அண்ணையும் நகரத்தில் ஒரே காப்புறுதிக் கொம்பனியில் வேலை. அங்கே மேலதிகாரி இடம் ஒன்று காலியாக, இருவருமே அதற்கு மனுப் போட்டிருந்தார்கள். மனேஜர் இருவரையும் மனைவிமாரோடு அந்தச் சாப்பாட்டுக்கடைக்கு விருந்துக்கு அழைத்தார். சாப்பிடாதது ஏதும் உண்டோ என்று அவர் கேட்டபோது, “நாங்கள் எல்லாம் சாப்பிடுவம் சேர்” என்று என் கணவர் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்த பிறகுதான் என் ஞாபகம் வந்திருக்கிறது.

நான் சின்ன வயதிலேயே சைவத் தீட்சை கேட்டவள். மச்சம் மாமிசம் தொட்டதில்லை.

“ஒரு நாளைக்குத்தானே. நீர் சாப்பிட வேண்டாம். தட்டில வைச்சுக் கிளறிக்கொண்டு இரும்” என்றார்.

“மாட்டை முன்னால வைச்சுக்கொண்டோ?”

“அப்ப என்ன, நான் பொய்க்காரன் எண்டு அந்த மனுசனுக்குத் தெரியட்டும்.”

ஊரில் என் கணவருடைய தங்கைமார் இரண்டு பேர் எங்கள் காசை எதிர்பார்த்துக்கொண்டிருந்த காலம். அந்த வேலை எங்களுக்கு வேண்டும். அக்கா வீட்டுக்கும் அதே தேவைதான்.

அந்தக் கடை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. கறுத்த மரச் சுவர், சிவப்புத் தோல் இருக்கைகள், கஞ்சி போட்ட வெள்ளை விரிப்பு. வயதான பரிசாரகர் ஒருவர் வெள்ளி மூடி போட்ட தள்ளுவண்டியோடு மேசை மேசையாகப் போய் மூடியைத் திறந்து காட்டுவார். திறக்கும்போதெல்லாம் நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். என் கையில் தந்த சாப்பாட்டு அட்டையில் விலையே இல்லை. அங்கே பெண்களுக்கு விலை போடாத அட்டைதானாம். ஒரு கட்டுக் கருவேப்பிலை வாங்கினாலும் கணக்கு எழுதி வைக்கிறவள் நான். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அக்கா காதுக்குள், “விலை தெரியாட்டி உமக்குப் பசிக்காதே” என்றார்.

அட்டையைப் பார்க்க யாருக்கும் வேலை வரவில்லை. எல்லோருக்கும் தானே சொல்வதாக மனேஜர் சொன்னார். இந்தக் கடைக்கு வந்து மாட்டிறைச்சி தவிர வேறு சாப்பிடுவது பாவம் என்று சிரித்தார். பரிசாரகர் ஒவ்வொருவரிடமும் எந்த அளவு வேகவேண்டும் என்று கேட்டு வந்தார். என்னிடம் வந்ததும் நான் என் கணவரைப் பார்த்தேன். இவர் உப்புக் குப்பியைப் பார்த்தார். எனக்குள் ஐந்தெழுத்து ஓடிக்கொண்டிருந்தது.

அப்போது அக்கா மேசைக்குக் கீழே என் கையைப் பிடித்தார். பிடித்துக்கொண்டே மனேஜரிடம் ஆங்கிலத்தில், இன்று வெள்ளிக்கிழமை என்பதை நாங்கள் மறந்துவிட்டோம், எங்கள் ஊர்ப் பெண்கள் வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி தொடுவதில்லை என்றார்.

“அப்படியென்றால் மீன்” என்றார் மனேஜர். கத்தோலிக்கர்கள் வெள்ளியில் இறைச்சிக்குப் பதில் மீன் சாப்பிடுவது அவருக்குத் தெரிந்திருந்தது.

அக்கா என்னை ஒருமுறை பார்த்தார். “மீனும் இல்லை” என்றார்.

தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த அந்தோனி அண்ணைக்குப் புரையேறியது. தவக்காலம்கூட இல்லை. மன்னார்க் கடற்கரையில் பிறந்த மனுசி. அன்று காலைதான் எனக்கு முன்னால் இருந்து பாரை மீன் வெட்டியவர். என் கையைப் பிடித்திருந்த அந்தக் கையில் சவர்க்காரத்தையும் மீறி மீன் வெடுக்கு இன்னும் இருந்தது.

ஆண்கள் மட்டும் சாப்பிடலாமோ என்று மனேஜர் கேட்டார். ஆண்களுக்கு அந்த விதி இல்லை என்றார் அக்கா. “ஆண்களுக்கு வசதியான மதம்” என்றார் அவர். “எல்லா மதமும் அப்படித்தான் சேர்” என்றார் அக்கா. மனேஜர் விழுந்து விழுந்து சிரித்தார். ‘எல்லாம் சாப்பிடுவம்’ என்று என் கணவர் சொன்ன சொல்லும் பொய்யாகவில்லை. என் விரதமும் தப்பியது.

அதோடும் அக்கா விடவில்லை. எங்களுக்குச் சிப்ஸ் கொண்டுவரப் போன பரிசாரகரை நிறுத்தி, எதில் பொரிக்கிறீர்கள் என்று கேட்டார். மாட்டுக் கொழுப்பில் என்று பதில் வந்தது. கடைசியில் எங்கள் இருவருக்கும் வெள்ளித்தாளில் சுற்றிச் சுட்ட உருளைக்கிழங்கு ஒவ்வொன்று வந்தது. பொதி செய்திருந்ததால் வீட்டுக்குக் கொண்டுபோகத் தந்தது என்று நினைத்து நான் அதைக் கைப்பைக்குள் வைத்துவிட்டேன். கொஞ்சம் பொறுத்து அக்காவும் தன்னுடையதை எடுத்துத் தன் பைக்குள் வைத்தார்.

திரும்பும்போது ரயில் மேடை மர வாங்கில் உட்கார்ந்த பிறகுதான் அக்கா சொன்னார்.

“அது அங்கயே பிரிச்சுச் சாப்பிடுறது, தங்கச்சி.”

“பிறகேன் நீங்களும் வைச்சனீங்கள்?”

“நீர் மட்டும் வெறுந்தட்டோட இருந்தால் வடிவில்லை.”

ஆளுக்கொரு கிழங்கை அந்த வாங்கிலேயே உரித்துச் சாப்பிட்டோம். ஆண்கள் இரண்டு பேரும் எங்களைத் தெரியாதவர்கள் மாதிரித் தள்ளிப்போய் நின்றார்கள்.

“எனக்காகப் பொய் சொல்ல வேண்டியதாப் போச்சு, அக்கா” என்றேன்.

“பொய்யெண்டு ஆர் சொன்னது?” என்று கேட்டுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார்.

வேலை இரண்டு பேருக்கும் கிடைக்கவில்லை. வேறு கிளையிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்தார்கள். மனேஜரும் ஓய்வு பெற்றுப் போனார். அக்கா வீட்டார் தோர்ண்டன் ஹீத்துக்கு மாறினார்கள். சில வெள்ளிக்கிழமைகளில் அக்கா பஸ் ஏறி என் வீட்டுக்கு வருவார். “உம்மட புளிக்குழம்புக்காக வந்தனான்” என்பார். நானும் அப்படியே நம்பினேன்.

அடக்கமும் ஒரு வெள்ளிக்கிழமைதான் நடந்தது. முடிந்து கோயில் மண்டபத்தில் சாப்பாட்டுக்குப் போனால் எல்லாமே சைவம். அக்காவின் சொந்தக்காரர் ஒருவர் சட்டிகளைத் திறந்து திறந்து பார்த்தார். “மன்னார்ச் சனத்தின்ர செத்தவீட்டில ஒரு மீன் துண்டும் இல்லையோ?”

“அம்மா வெள்ளியில தொடமாட்டா மாமா. ஹொஸ்பிற்றலில குடுத்ததையும் தள்ளி வைச்சவ” என்றாள் ஷாமினி. “ஏனெண்டு எங்களுக்குத் தெரியாது. நான் சின்னப் பிள்ளையா இருக்கேக்கையிருந்து அப்பிடித்தான்.”

நான் அந்தோனி அண்ணையைப் பார்த்தேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: “உம்மட வேலைதான், தங்கச்சி. அண்டைக்கு விருந்து முடிஞ்சு வீட்டை வந்து பாரை மீன் குழம்பைச் சூடாக்கினன். வேண்டாமெண்டிட்டா. சொல்லியாச்சு, இனிப் பொய்யாக்கேலாது எண்டா. வருசக்கணக்கா நானும் பகிடி பண்ணிப் பார்த்தன். பிறகு அந்த மனேஜர் செத்துப்போனார் எண்டு கேள்விப்பட்டு, ‘இனியெண்டாலும் சாப்பிடன், ஆர் கேக்கப்போகினம்’ எண்டன். ‘அவருக்கோ சொன்னனான்?’ எண்டு கேட்டா.”

என் வீட்டில் என்றைக்கும் சைவம். அதனால் அவர் வந்த வெள்ளிக்கிழமைகளில் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. ஒரு மேசையில் என்னைக் காப்பாற்ற வந்த சொல்லைச் சாகும்வரை உண்மையாக்கிக்கொண்டிருந்திருக்கிறார். என்னிடம் சொல்லவுமில்லை. பதிலுக்கு நானும் எதையாவது விடலாமென்று பார்த்தால், விடுவதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. மீனும் இறைச்சியும் நான் அறியாதவை.

ஆகவே அவருடைய வெள்ளிக்கிழமையை நான் எடுத்து வைத்துக்கொண்டேன். விளக்கேற்றும்போது முருகனுக்கு அடுத்ததாக அவர் பெயரைச் சொல்கிறேன். பிலோமினா என்ற பெயரைக் கேட்டு முருகன் கோபிக்கமாட்டார். வெள்ளிதோறும் மத்தியானம் என் வீட்டுக்குச் சாப்பிட வரும்படி அந்தோனி அண்ணையிடம் சொன்னேன்.

“மீன் இல்லாமல் நான் வரமாட்டன்” என்றார்.

போன வெள்ளிக்கிழமை வந்தார். அக்கா வழக்கமாக இருக்கும் கதிரையை விட்டு மற்றதில் இருந்து, புளிக்குழம்பு இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டார்.