கறுத்தப் பெட்டைக்கு ஒரு திருத்தம்

நான் காதல் கதை எழுதினேன் என்றால் இப்போதும் சிலர் வாயைப் பொத்திச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். கனடாவில், ஸ்காபரோத் தமிழ்க் கடை வாசல்களில் சும்மா கிடந்த இலவச வாரப் பத்திரிகையை, என் தொடர்கதை வந்த காலத்தில், சனம் வெள்ளிக்கிழமை காலையிலேயே அள்ளிக்கொண்டு போய்விடும்.

எழுதினேன் என்பதும் முழு உண்மை இல்லை. நான் படித்தது மூன்றாம் வகுப்பு. எழுத்துக் கூட்டி வாசிப்பேன். பேனை பிடித்தால் கை கடுக்கும். மீன் வெட்டியபடி நான் சொல்ல, மருமகள் எழுதுவாள். முத்தம் வரும் இடத்தில் பேனையை வைத்துவிடுவாள்.

"மாமி, உதை நான் எழுதமாட்டன். ஆக்கள் என்னைப் பற்றி என்ன நினைப்பினம்?"

"ரெண்டு பிள்ளை பெத்தனீ. எழுது."

என் கதாநாயகி தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிறவள். என்னைப் போல நல்ல கறுப்பு. அதில்தான் பத்திரிகைக்காரருக்கு வயிற்றுக்குத்து.

"அன்ரி, கொஞ்சம் வெள்ளையாக்கி விடுங்கோவன். கறுத்தப் பெட்டையை ஆர் காதலிக்கிறது?"

"என்ரை மனுசன் காதலிச்சவர், தம்பி. சாட்சிக்கு ஏழு பிள்ளையள்."

சிரித்தார். விட்டுவிட்டார் என்று நினைத்தேன்.

ஒரு ஞாயிறு பக்கத்து ஊர் பிக்கரிங்கிலிருந்து ஒரு தாய் எனக்குத் தொலைபேசி எடுத்தார். கதையை நடந்த கதை என்றே நம்பியிருந்தார்.

"அக்கா, அந்தப் பெட்டையின்ரை சாதகக் குறிப்பை ஒருக்கா எடுத்துத் தருவியளே? என்ரை மோன் வீடும் வாங்கிட்டான். பால் நிறமெண்டு இந்தக் கிழமை போட்டிருக்கிறியள், அவனுக்கு அப்பிடித்தான் வேணும்."

பால் நிறமா? மருமகளை வாசிக்கச் சொன்னேன். பால் நிறம்தான். என்னைக் கேளாமல் பத்திரிகைக்காரர் என் பெட்டைக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தார்.

"தங்கச்சி, அவள் கறுப்பு" என்றேன்.

"ஐயோ, அப்ப வேண்டாம்."

"அவளுக்கும் உங்கடை மோன் வேண்டாமாம்" என்று சொல்லித் தொலைபேசியை வைத்தேன்.

பக்கத்து வீட்டு ஜமெய்க்காக்காரியும் காதல் கதைக்காரிதான், ஆங்கிலத்தில் எழுதுவாள். எங்கள் மாடிக் கட்டடத்தின் அடியில் எல்லாரும் உடுப்புத் தோய்க்கும் அறையில் மருமகள் இதை அவளுக்குச் சொன்னதும், மேலே போய்த் தன் புத்தகத்தைக் கொண்டுவந்தாள். உள்ளே கதாநாயகி கறுப்பாம். அட்டையில் பொன்னிற முடி வெள்ளைக்காரி ஒருத்தி, பொத்தான் போடத் தெரியாத ஒருவனின் நெஞ்சில் மயங்கிக் கிடந்தாள். 'நான் விட்டுக்கொடுத்துவிட்டேன், நீ விட்டுக்கொடுக்காதே' என்கிறாள் என்று மருமகள் சொன்னாள்.

அடுத்த பகுதி முதலிரவு. மருமகள் பேனையோடு வர, சொல்லமாட்டேன் என்று அனுப்பிவிட்டேன். கதை இல்லாமல் பத்திரிகை வந்த அன்றே பத்திரிகைக்காரர் ஓடிவந்தார்.

"அன்ரி, சனம் என்னைத் தின்னுது. முதலிரவைத் தாங்கோ."

"முதல்லை நீர் பெட்டையின்ரை நிறத்தைத் தாரும்."

மறுவாரம் அரிசி விளம்பரத்துக்குப் பக்கத்தில் பெட்டி கட்டிப் போட்டார்: 'திருத்தம். எமது தொடர்கதையின் நாயகி கறுப்பு. தவறுக்கு வருந்துகிறோம்.' மரண அறிவித்தல் மாதிரித்தான் இருந்தது. எனக்கு அது போதும். முதலிரவைக் கொடுத்தேன், கொஞ்சம் தாராளமாகவே.

ஜமெய்க்காக்காரிக்குத் திருத்தம் போட ஆளில்லை. பதிப்பகம் அவளுக்கு அனுப்பிய புத்தகங்கள் ஒரு பெட்டி நிறையக் கிடந்தன. மூவரும் அவளுடைய குசினியில், அடுப்பருகு மேசையைச் சுற்றி இருந்து, மண்ணிற மார்க்கர் பேனையால் அட்டை அட்டையாக அந்தப் பெண்ணுக்கு நிறம் பூசினோம். பொன்முடியைக் கறுப்பாக்கியது நான். அவளுடைய தேவாலயத்து விற்பனையில் அத்தனையும் போய்விட்டன. பளபளப்பு அட்டையில் மை காயாமல் வாங்கின பெண்களின் விரல்களில் எல்லாம் ஒட்டியதாம். ஒருத்தியும் திருப்பிக் கொண்டுவரவில்லை.